கல்மேட்டில் ஒரு பட்டுக்கடை

என் மாமனார் நல்ல திடத்தோடு இருக்கும்போதே சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு பட்டுக்கடைக் குடும்பத்தில் அப்பன் செத்த கையோடு பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போய், கடைக்குச் சீல் வைக்கிற வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் நல்ல நாள் பார்த்து, கூரத்திலிருந்து தன் மைத்துனரையும் வரவழைத்து, கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் மூத்தவர். அவருக்கு ஒரே தம்பி. தம்பியின் மனைவியும் நானும் சமையற்கட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தோம்.

மாமனாரின் ஏற்பாடு சுலபமானது. கோயில் தெருக் கடையை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்குவது, ஆளுக்குப் பாதி. சுவர் எங்கே வரவேண்டும் என்று மேஸ்திரியை வைத்துச் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டு வைத்திருந்தார். தெற்குப் பாதி யாருக்கு, வடக்குப் பாதி யாருக்கு என்பதில்தான் சண்டை வரும் என்று எல்லோரும் நினைத்தோம். கோயிலிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது தெற்குப் பாதி. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கடையில பாதி வேணா நைனா," என்றார் என் கொழுந்தன்.

"பின்ன இன்னாடா வேணும்?"

"திருப்புட்குழி கிட்ட, பெங்களூர் ரோட்டு மேல நம்ம கல்மேடு இருக்குது இல்ல? அத்த குடுங்க. என் பங்குக்குப் புடவை குடுங்க. போதும்."

கூரத்து மாமா வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். கல்மேடு என்பது மாமனாரின் அப்பா சத்திரம் கட்டுவதாக வேண்டிக்கொண்டு வாங்கிப்போட்டு, கட்டாமலே கண்ணை மூடிய இடம். கல்லும் வேலிகாத்தான் முள்ளும்தான். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொத்து என்று யாரும் நினைத்ததே கிடையாது.

"முள்ளு வெட்டி வெறகுக்கடை வைக்கப் போறியா மாப்ள?" என்று கூரத்து மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"இல்ல மாமா. பட்டுக்கடை."

மாமனார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "யாருனா மருந்து வெச்சிட்டாங்களாடா உனுக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்து கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். தெற்குப் பாதியோடு வடக்குப் பாதியும் தன் கைக்கு வந்துவிட்டது அவருக்கு இன்னும் உறைக்கவே இல்லை. சண்டைக்குத் தயாராக வந்தவர், எதிராளி இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கடை எப்படி நடந்தது என்று சொன்னால்தான் அன்று நாங்கள் ஏன் அப்படிச் சிலையாகிப் போனோம் என்று புரியும். அந்தக் கடைக்கு வெளியே பலகை இருந்தது, எழுத்து மங்கிப்போயிருந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. தேவைப்படவில்லை. கல்யாணம் நிச்சயமானதும் மெட்ராஸிலிருந்தும் வேலூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். முதலில் கோயில், பிறகு கடை. வெள்ளை விரிப்பின் மேல் உட்காருவார்கள். மாமனார் அவர்கள் வீட்டுப் பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிப்பார். காப்பி வரும். பொண்ணு என்ன நிறம், மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் புடவையைப் பிரிப்பார். விலை என்பது கடைசியில், வெயில் தாழ்ந்த பிறகு, இரண்டு பக்கமும் கொஞ்சம் கோபித்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு பேசி முடிப்பது. "புடவை ஆளைத் தேடிக்கினு போவாது. ஆளுதான் புடவையத் தேடிக்கினு வரணும்," என்பார் மாமனார். அது அவருக்கு வியாபாரம் மட்டும் இல்லை, வேதம்.

கொழுந்தனுக்கு அந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்பதை அவர் மனைவி, என் ஓரகத்தி, அன்று சாயங்காலமே அரிசி புடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"பெங்களூருக்குக் கல்யாணத்துக்குப் போனோமே, அப்ப வந்ததுதான் அக்கா. திரும்பி வர்றப்ப பஸ்ஸ வழியில ஒரு டீக்கடை கிட்ட நிறுத்தினான். ஆம்பளைங்க எல்லாம் எறங்கிப் புளியமரத்துப் பின்னாடி போய்ட்டு வந்துட்டாங்க. பொம்பளைங்க நாங்க எங்க போறது? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு உக்காந்துக்கினு இருந்தோம். ஒரு வயசான அம்மா, 'புடவையப் பிரிச்சி மறைப்பாப் பிடிம்மா'ன்னு எங்கிட்ட கெஞ்சுது. பிடிச்சேன். அதுக்குள்ள டிரைவர் ஹாரன் அடிக்கறான். அந்த அம்மா அழுதுட்டுது அக்கா. நானும் வேலூர் வர்றதுக்குள்ள அழுதுட்டேன். உங்க தம்பி என்னைப் பாத்துக்கினே வந்தாரு."

"அதுக்கும் புடவைக்கும் இன்னா சம்பந்தம்?"

"பஸ்ஸுல அவங்க பேசிக்கினதக் கேட்டாரு. பாதிப் பேரு கல்யாண வீட்டுக்காரங்க. 'காஞ்சிபுரம் பக்கத்தால போவுது, உள்ள போய்ப் பட்டு எடுக்க நேரம் இல்லையே'ன்னு சொல்லிக்கினு வந்தாங்க. அந்த நேரம் பாத்து நம்ம கல்மேடு ஜன்னல் பக்கம் போச்சி."

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

முள்ளை வெட்டினார்கள். கல்லைப் பெயர்த்தார்கள். கிணறு தோண்டினால் தண்ணீர் வராது என்று ஊரே சொன்ன இடத்தில் தோண்டி, உப்புத் தண்ணீர் வந்து, இன்னும் மேற்கே தள்ளித் தோண்டி நல்ல தண்ணீர் வந்தது. அதுவரைக்கும் மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு நாள் திருப்புட்குழியிலிருந்து வந்த வண்டிக்காரன் ஒருவன் கடை வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சேதி சொன்னான். "உங்க சின்னவரு கட்டடம் எழுப்பறாரு. கடை இன்னும் ஆரம்பிக்கல. மொதல்ல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டறாரு. வரிசையா."

மாமனார் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்த கொழுந்தனை வாசலிலேயே நிறுத்தினார்.

"தறியில உக்கார்றவன் குளிச்சிட்டு உக்கார்றான். நெய்யற கைய நாம கும்பிடறோம். தாலி கட்டற நேரத்துல பொண்ணு கட்டிக்கிற துணிடா அது. அத்த விக்கிற எடத்துல மொதல்ல கக்கூஸா கட்டுவ?"

"கோயிலுக்குப் போறவங்க மொதல்ல கொளத்துல எறங்கறாங்க இல்ல நைனா? அது போலத்தான்."

"கொளமும் கக்கூஸும் ஒண்ணாடா?" என்றார் மாமனார். என் மாமியார், அத்தை, தலையில் கை வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்தன் கையைக்கூடக் கழுவாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து தெருவில் அவர் கடைக்குப் பெயர் வந்துவிட்டது. கக்கூஸ் பட்டு. எங்கள் எதிரே யாரும் சொல்லமாட்டார்கள். நாங்கள் திரும்பியதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

திறப்பு நாளன்று மாமனாரும் என் வீட்டுக்காரரும் போகவில்லை. அத்தையும் நானும் தாம்பாளத்தில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட நீளமான கொட்டகை. வெள்ளை விரிப்பு இல்லை. உட்காரவே இடம் இல்லை. புடவைகளை மடிப்பு மேல் மடிப்பாகக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள், நின்றபடியே பார்க்கிற உயரத்தில். ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தது. அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒரு அட்டையைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது, வெலையா எழுதியிருக்குது?"

"ஆமாம் அத்தே," என்றாள் ஓரகத்தி. "யாரு வந்தாலும் அதான். பஸ்ஸு நிக்கிற நேரத்துல பேரம் பேச முடியுமா?"

"நம்ம சொந்தக்காரங்க வந்தாகூட?"

"அவங்களுக்கும் அதான்."

அத்தை அட்டையை விட்டுவிட்டார்கள். சுட்டுவிட்டது போல விட்டார்கள். பட்டுப் புடவையின் விலையை ஊர் பேர் தெரியாதவன் கண்ணில் படும்படி எழுதித் தொங்கவிடுவது எங்களுக்கு எப்படி இருந்தது என்றால், வீட்டுப் பெண்ணின் நகையைத் தெருவில் பரப்பி வைத்த மாதிரி இருந்தது.

முதலில் யாரும் வரவில்லை. அந்த ஆடி மாதத்தில் கொழுந்தன் உடம்பு இளைத்துப் போனதைப் பார்த்து நானே பரிதாபப்பட்டேன். பிறகு ப்ளஷர் கார்கள் நிற்க ஆரம்பித்ததாகக் கேள்விப்பட்டோம். ஒரு பஸ் டிரைவர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு போகும்போது அங்கே நிறுத்தினாராம். அந்த அம்மா கேட்டுக்கொண்டதால் மறுநாளும் நிறுத்தினாராம். இதெல்லாம் காற்றுவாக்கில் வந்த பேச்சு. எங்கள் கடையில் கூட்டம் குறைந்தது மாதிரி இருந்தது. முகூர்த்தம் இல்லாத மூடம் என்று சொல்லிக்கொண்டோம். மழை என்று சொல்லிக்கொண்டோம்.

உண்மை எங்கள் வீட்டுக் கூடத்துக்கே நடந்து வந்தது வைகாசி கருட சேவை அன்று. மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா ஒவ்வொரு வருஷமும் கருட சேவைக்கு வருவார். அவருடைய மாமியாரின் கூறைப்புடவையே எங்கள் கடையில் எடுத்தது. விடியற்காலை சேவித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிட்டு, மாமனாரோடு கடைக்குப் போய் வருஷத்துக்கு ஒன்றாவது எடுக்காமல் போகமாட்டார். அந்த வருஷமும் வந்தார். காப்பி குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்தார். அரக்கில் பச்சைக் கரை.

"பொண்ணுக்கு எடுத்தேன்மா. முந்தியில குஞ்சம் மட்டும் நல்லாக் கட்டித் தரச் சொல்லணும். உங்க ஊர்ல கட்டினாத்தான் நிக்குது."

மாமனார் புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கரையை இரண்டு விரலால் தடவினார். "நம்ம தறி," என்றார் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிப்பு நின்றது. "நான் குடுக்கலியேம்மா இத்த."

"ரோட்டு மேல உங்க கடைலதான் எடுத்தேன். வேலூருக்கு உறவுக்காரங்களைப் பாக்கப் போனோம், அங்க நிறுத்தினோம். உங்க புள்ளை எவ்ளோ மரியாதை! உங்க பேரைச் சொன்னதும் எனக்கு நம்ம வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிட்டுது. இவ்ளோ வருஷமா இப்படி ஒரு வசதி பண்ண உங்களுக்குத் தோணலியே!"

அந்த அம்மா பாராட்டாகத்தான் சொன்னார். மாமனார் புடவையை மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தார். அந்த வருஷம் அந்த அம்மா எங்கள் கடைக்கு வரவில்லை, வேண்டியதை எடுத்தாகிவிட்டதே. அவரை வண்டி ஏற்றிவிட்டு வந்து மாமனார் நிலைப்படியில் நின்றார். "எம் பேரச் சொல்லிக்கினு விக்கறானா," என்றார்.

மறுநாள் காலை என்னை அழைத்துக்கொண்டு கல்மேட்டுக்குப் புறப்பட்டார். என் வீட்டுக்காரர் வர மறுத்துவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். திறப்பு அன்று பார்த்த இடமா இது? பெங்களூர் பஸ் ஒன்று நின்றிருந்தது. பின்னால் கார்கள். பெண்கள் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கன்னடமும் தெலுங்கும் காதில் விழுந்தன. உள்ளே என் ஓரகத்தி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புடவைகளை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் ஒரு கடையிலும் பொம்பளை நின்று விற்றதில்லை. அவள் எங்களைக் கவனிக்கவில்லை. கொழுந்தனும் கவனிக்கவில்லை. கோயில் தெருவில் மாமனார் நடந்தால் எதிரே வருகிறவர் துண்டை இறக்கிவிட்டுத்தான் பேசுவார். இங்கே அவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

காவலுக்கு நின்ற ஆள் எங்களிடம் வந்தார். கிராமத்து ஆள், மரியாதையான ஆள். மாமனார் நடுவழியில் திகைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதோ வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மாமனார் அந்த ஆளைப் பார்த்தார். கை காட்டிய பக்கம் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் கிளம்பியதிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கம் நடந்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் கொழுந்தன் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "நைனா!" என்றார்.

"தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார் மாமனார்.

"மேக்கால கெணறு நைனா. தொட்டி கட்டியிருக்கேன்."

"எம் பேரச் சொல்லி விக்கறியாமே."

"உங்க தறிப் புடவைன்னு சொல்றேன் நைனா. அது நெஜந்தானே. நீங்க வேணான்னு சொன்னா நிறுத்திடறேன்."

மாமனார் கொட்டகையைப் பார்த்தார். "பேரு இருக்கட்டும். வெலைய எழுதித் தொங்க வுட்டிருக்கியே, அத்த எடுத்துடு. பாக்க சகிக்கல."

"அத்த எடுத்தா கடை இல்ல நைனா," என்றார் கொழுந்தன். மெதுவாகத்தான் சொன்னார். அவர் அப்பாவுக்கு 'முடியாது' சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

நடந்ததை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ! அவர் அடுத்த முகூர்த்த மாதத்தில் எங்கள் கடையிலும் எல்லாப் புடவைக்கும் விலை அட்டை கட்டிவிட்டார். தம்பிக்கு ஓடினால் எனக்கும் ஓடும் என்பது அவர் எண்ணம். வேலூரிலிருந்து ஒரு பழைய வாடிக்கைக் குடும்பம் வந்தது. வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து, வழக்கம் போல நலம் விசாரித்துவிட்டு, புடவையைப் பிரித்த பெரியவர் அட்டையைப் பார்த்தார். "இது யாருக்கு எழுதினது?" என்றார். "எல்லாருக்கும் ஒரே வெலை இப்போ," என்றார் என் வீட்டுக்காரர். "அப்ப நானும் எல்லாரும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் எழுந்துவிட்டார். காப்பி தம்ளர்கள் அப்படியே இருந்தன. எதிர்க்கடை வாசலில் அவர்கள் செருப்பைக் கழற்றுவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் ஒவ்வொரு அட்டையாக நறுக்கினார். "அதே புடவை. அதே வெலை. அங்க வாங்கறான், இங்க எழுந்து போறான். எனுக்கு ஒண்ணுமே புரியல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கோபம் தம்பி மேல் திரும்பியது. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு கொழுந்தன் கொடி பறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஒரு மூன்று நான்கு வருஷம் பறந்தது. கக்கூஸ் பட்டு என்று சிரித்தவர்களிலேயே ஒருவர் ரோட்டோரம் நிலம் வாங்கினார். பிறகு இன்னொருவர். பிறகு பட்டு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு வெளியூர்க்காரர், கொழுந்தன் கடைக்குக் கொஞ்சம் முன்னால், மெட்ராஸிலிருந்து வரும்போது முதலில் கண்ணில் படுகிற இடத்தில், பெரிய கட்டடமாகவே எழுப்பிவிட்டார். மொசைக் தரை, மின்விசிறி, ஹோட்டல், குழந்தைகளுக்கு ஊஞ்சல்.

அந்தச் சமயம் ஓரகத்தியின் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்தினார்கள். நான் முதல் நாளே போயிருந்தேன். சாயங்காலம் கொழுந்தனும் நானும் கொட்டகை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பெங்களூர் பஸ் வந்தது. காவல்காரர் வழக்கம் போல வழியை ஒதுக்கிக் கையைக் காட்டினார். பஸ் நிற்கவில்லை. டிரைவர் ஒரு ஹாரன் அடித்து, கொழுந்தனைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். முதன்முதலில் மனைவியோடு வந்து நிறுத்தினாரே, அதே டிரைவர்.

கொழுந்தன் பஸ் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை.

"இன்னா தம்பி இது?"

"முன்னாடி இருக்குதே அந்தப் பெரிய கடை, அங்க நிறுத்தினா டிரைவர் கண்டக்டருக்குச் சாப்பாடு ஓசி அண்ணி. ஆளுங்கள எறக்கி வுட்டா கமிஷன் வேற. நேத்து வந்து அந்த டிரைவரே சொல்லிட்டுப் போனாரு. 'தப்பா நெனைக்காதீங்க, எனக்கும் குடும்பம் இருக்குது'ன்னாரு."

"நீங்களும் குடுக்கறதுதானே?"

"குடுத்தா அத்தப் புடவை மேலதான் ஏத்தணும். அவன் கலப்பு ஜரிகையப் போட்டு ஏத்திக்கறான். நான் நைனா தறின்னு சொல்லிட்டு அதப் பண்ண முடியுமா?" கொழுந்தன் சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் பண்ணது எல்லாத்தையும் பாத்துப் பண்ணிட்டான் அண்ணி. அதுக்கு மேல ஒண்ணும் பண்ணிட்டான். எனுக்கு அது தோணவே இல்ல. பொம்பளைங்க நிறுத்தச் சொன்னா பஸ்ஸு நிக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

உள்ளே காதுகுத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரகத்தி கரண்டியோடு வாசலுக்கு வந்து, பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள்.

அவர் அதை இழுத்துக்கொண்டே இருப்பார், நலிந்து போவார், கடைசியில் அண்ணனிடம் வந்து வடக்குப் பாதியைக் கேட்பார் என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்தார். கேட்டால் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவும் செய்து வைத்திருந்தார், எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வீட்டுக்கு வந்தார். பல வருஷம் கழித்து அண்ணன் எதிரே உட்கார்ந்தார்.

"கல்மேட்ட வித்துட்டேன் அண்ணே. அந்தப் பெரிய கடைக்காரனுக்கே."

மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தாத்தா மண்ணுடா அது!"

"ரோட்ல போறவங்கள நிறுத்தறதுக்கு இனிமே நம்மால ஆவாது நைனா. நிறுத்த நிறுத்த ஒருத்தன் முன்னால வந்து நிறுத்துவான். அவங்க எல்லாம் எங்க போறாங்க? பெங்களூருக்குத்தானே? நான் அங்கேயே போயிடறேன். கடை பாத்துட்டேன். வாடகைக்கு."

அத்தை அழ ஆரம்பித்துவிட்டார்கள். காஞ்சிபுரம் பட்டைக் காஞ்சிபுரத்துக்காரன் வேறு ஊரில், வேறு பாஷை பேசுகிற ஊரில், வாடகைக் கட்டடத்தில் குடியிருந்து விற்பதா? ஊரை விட்டு ஓடிப்போகிறவன் செய்கிற வேலை அது. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார்.

"புடவை நீ குடு அண்ணே. தறிக்காரங்க உன்னைத்தான் மதிக்கறாங்க. நான் அங்க விக்கறேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்க இன்னா கலர் கேப்பாங்க?" என்றார். அதோடு அண்ணன் தம்பி சண்டை முடிந்தது. மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. அன்று மத்தியானமே இரண்டு பேரும் சேர்ந்து தறிக்காரர் வீடுகளுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

எங்கள் கோயில் தெருக் கடை பிழைத்தது அந்தப் பெங்களூர்ப் புடவைகளால்தான். விரிப்பில் உட்கார்ந்து, காப்பி குடித்து, பாட்டன் பேரைச் சொல்லி வாங்குகிறவர்கள் முற்றிலும் போய்விடவில்லை; ஆனால் அவர்களை மட்டும் நம்பி அடுப்பு எரியாது என்பது தெரிந்துவிட்டது. மாமனார் அதைப் பற்றிப் பேசமாட்டார். மூட்டை கட்டும்போது பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு புடவையின் கரையையும் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

மறு வருஷம் அவரைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனோம். ஜன நெரிசலான பெரிய கடைத்தெரு. கொழுந்தன் கடை மாடியில் இருந்தது. மாடியில் பட்டுக்கடையா என்று அதற்கும் திகைத்தோம். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள், ஆள் உயரப் பொம்மைக்கு எங்கள் தறிப் புடவையைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மாமனார் யாரோ ஒரு பெண் நிற்கிறாள் என்று ஒதுங்கி வழிவிட்டார். அது பொம்மை என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு மேலே பார்த்துக்கொண்டார்.

கொழுந்தன் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னடத்தில் யாரிடமோ பேசி முடித்துவிட்டு வந்தார். ஓரகத்தி காப்பி கொண்டுவந்தாள். மாமனார் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"இங்க எத்தினி வருஷம் இருப்ப?" என்று கேட்டார்.

"தெரியல நைனா."

"தெரியலன்னா?"

"இன்னைக்கு ஓடுது. எது வரைக்கும் ஓடும்னு தெரியல. வேற எவனாவது வேற எதனா பண்ணுவான். அப்ப பாத்துக்கலாம்."

கொழுந்தன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கக்கூஸுக்கும் விலை அட்டைக்கும் கல்மேட்டை விற்றதற்கும் சத்தம் போட்ட மாமனார், அந்தப் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் குடும்பத்தில் கடை என்றால் நாள் பார்த்துத் திறந்தது, பிள்ளைக்குப் பிள்ளை இருப்பது. இது எதுவரைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. தெரியாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு ஒருவன் சிரிக்கவும் முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமனார் தூங்கவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தை ஓடி வந்தார்கள். "புள்ள கடை எப்பிடி இருக்குது?"

"இப்ப இருக்குது," என்றார் மாமனார்.

அத்தை அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு, இலை போட உள்ளே போனார்கள்.